கெமராவோடு கதிர்காமத்துக்கு நடக்கப் போகிறவர்களுக்கு

முதல் தடவை கதிர்காமப் பாத யாத்திரை போனபோது என் பையின் எடை பதினொரு கிலோ. அதில் ஏழு கிலோ கெமரா சாமான். இரண்டாம் நாள் மத்தியானம், காட்டு வழியில் உள்ள நாவலடித் தங்கலுக்கு வந்து சேர்வதற்குள் மூன்று பற்றரியும் தீர்ந்துவிட்டன. மீதி வழி முழுக்க அந்த ஏழு கிலோவை வெறும் இரும்பாகச் சுமந்துகொண்டு நடந்தேன். கண் முன்னால் எத்தனையோ படங்கள் போயின. என் ஊர் அப்புத்தளைக்குத் திரும்பி வந்து பார்த்தால் தேறியது பதினாறு படம், அதிலும் பாதி ஆட்களின் முதுகு.

அதற்குப் பிறகு இரண்டு தடவை போய்விட்டேன். தோட்டத்துத் தம்பிகள், வெலிமடை, அட்டன் பக்கத்துப் பிள்ளைகள் என்று நிறையப் பேர் "அண்ணே, நாங்களும் வரணும், என்ன செய்யணும்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். யாழ்ப்பாணம் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் புறப்பட்டு ஒன்றரை மாதத்துக்கு மேல் நடக்கிறவர்களைப் பற்றியது இல்லை இது. நம்மில் பெரும்பாலானோர் போவது கிழக்குக் கரையில் உள்ள உகந்தையிலிருந்து காட்டு வழியாகக் கதிர்காமம் வரை உள்ள கடைசிப் பகுதிக்குத்தான். சுமார் 80 கிலோமீட்டர், நான்கு முதல் ஆறு நாள்.

1. முதலில் திகதியைப் பிடியுங்கள்

அந்த வழி போகிற குமண, யால இரண்டும் தேசியப் பூங்காக்கள். நினைத்த நாளில் நடந்துவிட முடியாது. வருடத்தில் இரண்டு கிழமை அளவில்தான் காட்டுப் பாதையைத் திறப்பார்கள். அந்தத் திகதி அம்பாறை மாவட்டச் செயலக மட்டத்தில் கூட்டம் போட்டு முடிவாகும், பிறகு பத்திரிகையிலும் வானொலியிலும் வரும்.

அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் லீவு கிடைக்காது. அதனால் கலண்டரைப் பார்த்து நீங்களே ஒரு மதிப்புப் போட்டு வையுங்கள். கதிர்காமக் கொடியேற்றம் அமாவாசையை ஒட்டி வரும், தீர்த்தம் பௌர்ணமியை ஒட்டி வரும். 2024இல் திருவிழா ஜூலை முதல் வாரத்தில் தொடங்கியது, 2025இல் ஜூன் கடைசி வாரத்திலேயே வந்துவிட்டது. ஆகவே "போன வருடம் இந்தத் திகதி" என்று நம்பி டிக்கெட் எடுக்காதீர்கள். பாதை பெரும்பாலும் கொடியேற்றத்துக்கு ஒரு கிழமை முன்பு திறக்கும்.

திறக்கிற முதல் நாள் போக வேண்டாம் என்பது என் கருத்து. அன்று உகந்தையில் நெரிசல், வழியெல்லாம் புழுதி, வரிசை. மூன்றாம் நாள், நான்காம் நாள் போனால் கூட்டம் அளவாக இருக்கும், முகம் பார்த்துப் படம் எடுக்கலாம். கடைசி நாட்களுக்குத் தள்ளியும் போடாதீர்கள். மூடுகிற நாள் நெருங்கினால் "வேகமா நடங்க, வேகமா நடங்க" என்று விரட்டுவார்கள். நின்று ஒரு படம் எடுக்க விட மாட்டார்கள்.

2. அட்டை, கடிதம், அனுமதி

தேசிய அடையாள அட்டையின் அசல் கட்டாயம். உகந்தையில் உள்ளே விடும்போது ஆட்களைப் பதிவார்கள். எங்கள் குழுவில் ஒரு தம்பி, அசல் தொலைந்துவிடும் என்று பயந்து அதை வீட்டில் வைத்துவிட்டுப் போட்டோ பிரதியை மட்டும் கொண்டுவந்தான். அரை நாள் வெயிலில் நின்றான். அவனுக்காக நாங்களும் நின்றோம். அட்டை உண்மையிலேயே தொலைந்திருந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியையும் கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் அட்டை எடுக்காத பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி. நம் ஆட்களுக்கு அட்டையில் பெயர் ஒருவிதம், பிறப்புச் சான்றில் இன்னொருவிதம் இருப்பது புதிதில்லை. பதிவில் அட்டையில் உள்ளபடியே சொல்லிவிடுங்கள், வம்பு இல்லை.

கெமராவுக்கென்று தனியாக ஒரு தாள் எழுதி வையுங்கள்: மொடல், தொடர் இலக்கம், லென்ஸ் எத்தனை. வாங்கிய ரசீதைப் போனில் படம் எடுத்து வைத்தால் போதும். தொலைந்தால் பொலிசில் கேட்கிற முதல் கேள்வி அந்த இலக்கம்தான்.

உங்களுக்காக, குடும்பத்துக்காகப் படம் எடுப்பதற்கு என்னிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. நடந்து போகிற அடியாராகப் போனதால் பூங்கா டிக்கெட்டுக்கும் காசு கேட்கவில்லை. ஆனால் விளம்பரம், ஆவணப்படம், டிவி நிகழ்ச்சி என்று போனால் கதை வேறு. அதற்கு வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும், தலைமையகம் பத்தரமுல்லையில். அதற்கு மாதக் கணக்கில் முன்கூட்டியே எழுதிப் போடுங்கள்.

ட்ரோன் ஆசையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபைப் பதிவு இருந்தாலும் தேசியப் பூங்காவுக்குள் தனி அனுமதி இல்லாமல் பறக்க விட முடியாது. யானை மிரண்டு கூட்டத்துக்குள் வந்தால் யார் பதில் சொல்வது?

3. பையைப் பாதியாக்குங்கள், பிறகு இன்னொரு பாதியாக்குங்கள்

ஒரு கெமரா, ஒரு லென்ஸ். 35 மில்லிமீற்றர் சிறிய லென்ஸ் இருந்தால் அதுவே போதும். ஒன்றுதான் இருக்கிறது, கெமராவோடு வந்த 18–55 என்றால் அதையே கொண்டு போங்கள், கடன் வாங்கிப் புதிது வாங்காதீர்கள். போன் மட்டும்தான் இருக்கிறது என்றால் அதற்கும் வெட்கப்பட வேண்டாம். என்னிடம் உள்ள ஆகச் சிறந்த படம் என் மச்சான் போனில் எடுத்தது (அவனிடம் இதைச் சொல்லவில்லை).

70–200 மாதிரி நீள லென்ஸ் காட்டில் தோளைத்தான் அறுக்கும். சிறுத்தை எடுக்கலாம், கரடி எடுக்கலாம் என்று மனக்கோட்டை கட்டாதீர்கள். ஆயிரக்கணக்கான பேர் அரோகரா சொல்லிக்கொண்டு போகிற வழியில் எந்தச் சிறுத்தை வந்து போஸ் கொடுக்கும்? ட்ரைபொட் வேண்டவே வேண்டாம்.

லென்ஸ் ஒன்றே ஒன்று என்று நான் அடித்துச் சொல்வதற்கு எடை மட்டும் காரணம் இல்லை. அந்த வழி முழுக்க மாவு போன்ற மணல். நான் முதல் வருடம் நடந்துகொண்டே லென்ஸ் மாற்றினேன். சென்சருக்குள் போன மணலைத் துடைக்கக் கொழும்புக்குப் போய் வந்த செலவு, முழு யாத்திரைச் செலவைவிடக் கூட. கெமராவைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிக் கழுத்தில் போடுங்கள். துணி புழுதியையும் தடுக்கும், வியர்வையையும் உறிஞ்சும்.

பொலித்தீன் பை, ஒருமுறை பாவித்து எறியும் பிளாஸ்டிக் போத்தல் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கெமராவைச் சுற்றப் பொலித்தீன் கொண்டு வந்திருந்தால் அதுவும் போகும். தடித்த, திரும்பத் திரும்பப் பாவிக்கிற தண்ணீர் போத்தல் இரண்டு, துணிப் பைகள், ஒரு ரெக்சின் பை, இவை போதும்.

இன்னொன்று, நம் ஊர் ஆட்களுக்கு மட்டும். ஜூன் மாதம் அப்புத்தளையில் காற்றும் பனியுமாக ஸ்வெட்டரோடு பஸ் ஏறுவோம். அடுத்த நாள் குமணக் காட்டில் தலை வெடிக்கிற வெயில். மலை ஏறி இறங்கிப் பழகிய கால் தாங்கும், தலை தாங்காது. முதல் நாள் மத்தியானம் மயங்கி உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் மலையகத்து ஆட்கள்தான், அதில் நானும் ஒருவன். ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்புக் கரைசல் தூள்) பைக்கற் ஐந்தாறு வாங்கி வையுங்கள். தொப்பி வேண்டாம், ஈரத் துவாய்தான் நல்லது. புதுச் சப்பாத்து போட்டு வராதீர்கள். போட்டுத் தேய்ந்த பாட்டா செருப்பு, கூடவே ஒரு பழைய கன்வஸ் சப்பாத்து.

4. பற்றரிக் கணக்கு

உகந்தையை விட்டால் கதிர்காமம் வரை சார்ஜ் போட இடம் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள். போன் சிக்னலும் பெரும்பகுதி வழியில் இருக்காது.

ஐந்து நாளுக்குப் போதுமான கணக்கை நான் இப்படிப் போடுகிறேன். ஒரு நாளுக்கு ஒரு கெமரா பற்றரி. பழைய பற்றரியானால் ஒன்றரை. நான்கு பற்றரியும் 20,000 எம்ஏஎச் (mAh) கொள்ளளவு உள்ள பவர் பேங்க் ஒன்றும் இருந்தால் சமாளிக்கலாம், உங்கள் கெமரா யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏறும் வகையாக இருந்தால். வாங்குவதற்கு முன் அதைப் பாருங்கள், சில பழைய கெமராக்களில் ஏறாது.

போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். சிக்னல் தேடித் தேடியே போன் செத்துப்போகும். எடுத்த படத்தைத் திரையில் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள். பற்றரியைத் தின்பது அதுதான். பக்கத்தில் நடக்கிற பிள்ளைகள் "காட்டுங்க, காட்டுங்க" என்று கேட்பார்கள், அவர்களுக்கு மட்டும் காட்டுங்கள், மறுக்க முடியாது. மெமரி கார்ட் பெரியதாக ஒன்று வேண்டாம், சின்னதாக மூன்று. நிறைந்ததை எடுத்து இடுப்புப் பைக்குள் அடையாள அட்டையோடு வையுங்கள். பை தொலைந்தாலும் படம் மிஞ்சும்.

5. உகந்தைக்குப் போய்ச் சேர்வது

அப்புத்தளைக்காரர்கள் பெரகலை போய் ஏ4 பாதையைப் பிடித்தால் கொஸ்லந்தை, வெல்லவாய, புத்தல, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் என்று ஒரே கோடு. பதுளை, பசறைப் பக்கத்தவர்கள் பசறையிலிருந்து நேராக மொனராகலைக்கு இறங்கலாம். நுவரெலியா, அட்டன் ஆட்கள் பண்டாரவளை வந்து சேருங்கள், அங்கிருந்து மேலே சொன்னதுதான். எப்படிப் போனாலும் விடியக் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் பொழுதுசாய உகந்தை.

பணம் எடுக்க வேண்டுமானால் பொத்துவிலிலேயே எடுங்கள். மருந்து, பிஸ்கட், அவல், பேரீச்சம்பழம் எல்லாம் அங்கேதான். பொத்துவிலிலிருந்து பாணமை வழியாக உகந்தை முப்பது சொச்சம் கிலோமீட்டர். பாதை திறந்திருக்கும் காலத்தில் பஸ் ஓடும், ஓட்டோவும் கிடைக்கும். ஓட்டோவில் ஏறுவதற்கு முன் விலை பேசுங்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்தால் கட்டும்.

போன தடவை கையில் 20,000 ரூபாவோடு போனேன், 6,000 மிஞ்சியது. பஸ், ஓட்டோ, சாமான், கதிர்காமத்தில் ஒரு இரவு அறை, அவ்வளவும் அதற்குள். காட்டுக்குள் செலவழிக்க வழியே இல்லை. அன்னதானம் கொடுப்பார்கள், தண்ணீர்த் தாங்கிகள் வைத்திருப்பார்கள். ஆனால் இரண்டையும் நம்பி வெறுங்கையோடு போகாதீர்கள்.

உகந்தையில் ஒரு இரவு தங்குங்கள். கடற்கரையோரப் பாறை, முருகன் கோவில், மேலே வள்ளியம்மன் மலையின் சுனைகள். விடிகாலையில் அந்தப் பாறையில் ஏறினால், கீழே மரங்களுக்கு நடுவே நூற்றுக்கணக்கான அடுப்புப் புகை, அந்தப் பக்கம் கடல். என்னுடைய பதினாறு படத்தில் நல்லது அங்கே எடுத்ததுதான்.

6. காட்டுக்குள்: எப்போது எடுக்கலாம், எப்போது நடக்கலாம்

தனியாக நடக்காதீர்கள். வேல் பிடித்து ஒரு பெரியவர் வழிநடத்தும் குழு ஒன்றோடு உகந்தையிலேயே சேர்ந்துகொள்ளுங்கள். அவருக்குத்தான் எங்கே தண்ணீர், எங்கே தங்கல் என்பது தெரியும். படம் எடுக்க நின்று பின்தங்கினாலும் பொழுதுபடுவதற்குள் குழுவோடு சேர்ந்துவிட வேண்டும். இது விளையாட்டில்லை, யானை இருக்கிற காடு.

ஒரு நாள் இப்படிப் போகும். விடிவதற்கு வெகு முன்பே குழு எழும்பிவிடும். டோர்ச் வெளிச்சம், அரோகரா, மூட்டை கட்டுகிற சத்தம். ஆறு மணிக்கு முன்னிருந்து எட்டரை வரை உங்கள் நேரம். வெளிச்சம் சாய்ந்து வரும், காலடிப் புழுதி பொன் மாதிரி எழும். விடியுமுன் ஐஎஸ்ஓ 3200, லென்ஸின் துளை (அபேச்சர்) எவ்வளவு திறக்குமோ அவ்வளவு, 1/125 விநாடி என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பிளாஷ் போடாதீர்கள். தூங்குகிறவர்கள் முகத்தில் அடிக்கும், காட்டு மிருகத்தையும் மிரட்டும்.

பத்து மணிக்கு மேல் கெமராவைச் சுற்றி வைத்துவிட்டு நடங்கள். உச்சி வெயிலில் வெண்மணலைப் பார்த்து கெமரா ஏமாந்துவிடும், முகமெல்லாம் கரித்துண்டாக வரும். அந்த நேரத்தில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டொப் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மர நிழலுக்கு ஆள் வரும்வரை பொறுங்கள்.

நிழல் என்றால் குமுக்கன் ஆறுதான். இரு கரையிலும் பெரிய பெரிய மருத மரங்கள், வேரெல்லாம் தண்ணீருக்குள். ஆற்றைக் கடக்கும்போது பையைத் தலைமேல் தூக்குங்கள். கெமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி இறங்கிய ஒருவர் நடு ஆற்றில் வழுக்கியதைப் பார்த்தேன். முதலை உள்ள ஆறு, மற்றவர்கள் இறங்கும் இடத்திலேயே இறங்குங்கள்.

குமுக்கனைத் தாண்டினால் யால. நாவலடி, வியாழை என்று தங்கல்கள் வரும். இந்தப் பகுதிதான் கடினம், தண்ணீர் குறைவு, வெளி அதிகம். பலர் இங்கே படம் எடுப்பதையே விட்டுவிடுகிறார்கள், களைப்பில். விடாதீர்கள். உகந்தையில் எல்லாரும் கெமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். வியாழையில் யாரும் உங்களைக் கவனிக்க மாட்டார்கள். கால் வெடித்து, தோள் வலித்து, அவரவர் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு போவார்கள். நீங்களும் அப்படித்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். அங்கே எடுத்த முகத்துக்கும் உகந்தையில் எடுத்த முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் படத்தில் பார்க்கலாம்.

7. கேட்டு எடுங்கள்

வழியில் எல்லாரும் எல்லாருக்கும் "சாமி"தான். "சாமி, ஒரு படம் எடுக்கட்டுமா?" என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் தலையாட்டுவார்கள். கேட்காமல் எடுத்தால் வரும் பேச்சை நான் வாங்கியிருக்கிறேன். குமுக்கன் ஆற்றில் தண்ணீரில் விழுந்த வெளிச்சம் அழகாக இருந்தது என்று கெமராவைத் தூக்கினேன். கிழக்கு மாகாணத்துப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, சத்தம் போடாமல், "தம்பி, அதக் கீழ வைங்க. நம்மட பிள்ளைகள் குளிக்கிற இடம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்று முழுக்க நான் கெமராவை வெளியே எடுக்கவில்லை.

குளிக்கும் இடம், உடை மாற்றும் இடம் பக்கம் கெமராவைத் திருப்பவே கூடாது. உரு வந்து ஆடுகிறவரின் முகத்துக்குக் கிட்டே போய் எடுக்காதீர்கள். வேலுக்குப் பூசை நடக்கும்போது குழுத் தலைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், சிலர் வேண்டாம் என்பார்கள். இராணுவ, பொலிஸ் காவல் அரண்களை எடுக்க வேண்டாம். மற்றபடி சமையல், நடை, தூக்கம், பிள்ளைகளின் விளையாட்டு எல்லாம் கேட்டால் கிடைக்கும்.

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத்து அம்மா ஒருவர், நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை, மருத மரத்தடியில் உட்கார்ந்து பாதத்துக்குத் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தார். கேட்டேன், சரி என்றார். குனிந்து பாதத்தையும் விரலையும் மட்டும் எடுத்துக்கொண்டு எழும்பினேன். "என்னா சாமி, கால மட்டும் எடுத்துட்டுப் போறீங்க? மூஞ்சி ஒண்ணும் அவ்ளோ மோசமில்லையே" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். முகத்தோடு எடுத்த இரண்டாவது படம்தான் இப்போது என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

8. கதிர்காமத்தில்

கட்டகாமம் தாண்டி, மாணிக்க கங்கையில் முழுகி, ஊருக்குள் நுழைவீர்கள். பெரிய கோவிலின் உள்ளே படம் எடுக்கக் கூடாது, வெளியில் நின்று எடுங்கள். பெரஹெரா (யானை ஊர்வலம்) பார்க்க நிற்பதானால் இரண்டு மணி நேரம் முன்பே இடம் பிடியுங்கள், யானைக்கு பிளாஷ் அடிக்காதீர்கள். உண்மையைச் சொன்னால், ஐந்து நாள் நடந்த பிறகு பெரஹெராவை எடுக்க எனக்குத் தெம்பு இருந்ததே இல்லை.

அறை தேவையென்றால் புறப்படும் முன்பே சொல்லி வைக்க வேண்டும். திருவிழாக் காலத்தில் போய் நின்று கேட்டால் விலை இரட்டிப்பு, சில இடத்தில் அதற்கு மேலும். திரும்பி வர தனமல்வில, வெல்லவாய வழி பஸ் இருக்கிறது. தீர்த்தத்துக்கு அடுத்த நாள் ஏறாதீர்கள், பண்டாரவளை வரை நின்றுகொண்டே வர வேண்டும்.

9. வீட்டுக்கு வந்த அந்தக் கிழமையே

கார்ட்களை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். ஒன்று கணினி, இன்னொன்று வேறு வீட்டில் உள்ள ஹார்ட் டிஸ்க்.

வழியில் "அனுப்புங்க சாமி" என்று கேட்டவர்களின் வட்ஸ்அப் இலக்கத்தை எழுதியிருப்பீர்கள். அதைப் போனில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு சின்னக் கொப்பியிலும் எழுதுங்கள், பக்கத்தில் படத்தின் இலக்கத்தோடு. இல்லாவிட்டால் எந்த முகம் யாருடையது என்று குழம்பிவிடும். போன் இல்லாதவர்களுக்கு 4×6 அளவில் பிரின்ட் போட்டுத் தபாலில் அனுப்பலாம். ஆனால் தோட்ட விலாசம் என்றால் கவனம். தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதினால் கடிதம் எங்கேயாவது ஒரு மேசையில் கிடக்கும். டிவிசன், லய (வரிசை வீட்டு) இலக்கம், அப்பா அல்லது கணவர் பெயர், மூன்றையும் கேட்டு எழுதுங்கள். மடுல்சீமை அம்மாவுக்கு நான் அனுப்பிய முதல் பிரின்ட் போய்ச் சேரவேயில்லை. இரண்டாவதை அந்தப் பக்கம் பஸ் ஓட்டுகிற ஒரு அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு அவருடைய பேரன் போன் எடுத்தான்: "பாட்டி கேக்குறாங்க, கால் படம் எங்க?"